விழா நாளுக்குப் பழைய ஆடை: தேர்ந்தெடுப்பது முதல் மடித்து வைப்பது வரை

விழா நாளில் வெளியே செல்லும்போது விண்டேஜ் ஆடையையோ திரிஃப்ட் கடையில் எடுத்த ஆடையையோ உடுத்த வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் இருக்கிறது. ஆனால் புதிதாக இதில் இறங்குபவர்கள் நிறத்தையும் வெட்டையும் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு முழு நாளின் நடையையும் வியர்வையையும் நெரிசலையும் அந்தத் துணி தாங்குமா என்று பார்க்கத் தவறிவிடுகிறார்கள். பழைய ஆடையின் அழகு கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதன் வலுவைக் கையால் சோதித்துத்தான் அறிய வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர் பெரும்பாலான பழைய ஆடைகளை அச்சமின்றி உடுத்தலாம் என்பது என் உறுதியான கருத்து.

பொதுவாக 20 ஆண்டுகளைக் கடந்த ஆடைகளை வணிகர்கள் விண்டேஜ் என்கிறார்கள். திரிஃப்ட் ஆடைக்கு வயதுக் கணக்கு கிடையாது. ஒருவர் உடுத்தி விட்டதை இன்னொருவர் வாங்குகிறார், அவ்வளவே. எனவே சென்ற ஆண்டு தைத்த பருத்திச் சட்டையும் 1950-களில் தைத்த பட்டு கவுனும் ஒரே கடையில் ஒரே கம்பியில் தொங்கக்கூடும். முதலாவதைத் துவைத்து அப்படியே உடுத்தலாம். இரண்டாவதற்குக் குறைந்தது மூன்று வாரத் தயாரிப்பு வேண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த ஆடை கையில் கிடைத்தால், அதை விழாக் கூட்டத்திற்கு உடுத்திச் செல்லாமல் பாதுகாத்து வைப்பதே முறை.

முதல் படி: அந்த நாளை எழுதிப் பாருங்கள்

கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளில் அந்த நாளின் நிகழ்வுகளை வரிசையாக எழுதுங்கள். எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும், தரையில் உட்கார வேண்டுமா, நாற்காலி இருக்குமா, திறந்த வெளியா, மழைக்கு வாய்ப்பு உண்டா, விளக்குகளோ வாணவேடிக்கையோ அருகில் இருக்குமா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்குமா என்பவை எல்லாம் ஆடையைத் தீர்மானிக்கும். நாற்காலியில் அமர்ந்து கழிக்கும் மாலைக்கு மெல்லிய பட்டும் மணிவேலையும் பொருந்தும். காலை முதல் இரவு வரை நடந்துகொண்டே இருக்கும் நாளுக்குக் கெட்டியான பருத்தி, லினன், கம்பளி ஆகியவைதான் துணை நிற்கும். இதை எழுதிப் பார்க்காமல் கடைக்குள் நுழைந்தால், கண்ணைப் பறிக்கும் முதல் ஆடையே உங்கள் நாளைத் தீர்மானித்துவிடும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் சோதனை

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆடையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, உள்பக்கமிருந்து பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து தெரியாத சிறு துளைகளும், இழைகள் தேய்ந்து மெலிந்த இடங்களும் அப்போது புள்ளிகளாகவும் வெளிறிய திட்டுகளாகவும் தெரியும். பிறகு அக்குள், முழங்கை, கழுத்துப் பட்டி, இருக்கைப் பகுதி, இடுப்புத் தையல் என்ற வரிசையில் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள்.

அக்குளுக்குத் தனிக் கவனம் தேவை. பல ஆண்டுகள் துணியில் தங்கிய வியர்வை இழையைத் தின்றுவிடுகிறது. பட்டில் இது மிக விரைவாக நடக்கும். அங்கே துணி விறைப்பாகவோ நிறம் மாறியோ இருந்தால், இரு கைகளின் கட்டை விரல்களையும் அருகருகே வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தையல் மட்டும் விட்டால் கவலையில்லை, மறுபடி தைத்துவிடலாம். துணியே கிழியும் ஓசை கேட்டால் அந்த ஆடையைக் கீழே வைத்துவிடுங்கள். தையலில் உள்ள குறைக்கு மருந்து உண்டு. இழையில் உள்ள குறைக்குப் பெரும்பாலும் இல்லை. ஓர் ஆடையை வாங்கலாமா விடலாமா என்ற முடிவுக்கு இந்த வேறுபாடு ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

மடித்தே வைத்திருந்த துணிகளில், குறிப்பாகப் பட்டுப் புடவைகளிலும் ஜரிகை ஓடிய துணிகளிலும், மடிப்புக் கோடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்திருந்தால் இழைகள் அந்தக் கோட்டிலேயே முறிந்திருக்கும். மிகப் பழைய பட்டில் இன்னொரு நோயும் உண்டு. பட்டின் இயற்கைப் பசையை நீக்கும்போது அது தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டவும், துணி கனமாகத் தொங்கவும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெள்ளீயம், இரும்பு போன்ற உலோகங்களின் உப்புகளைப் பட்டில் ஏற்றினார்கள். அந்த உப்புகள் காலப்போக்கில் இழைகளை நொறுக்கிவிடுகின்றன. தொட்டால் நீளவாக்கில் கீறல் கீறலாகப் பிரியும் பட்டை எந்தத் தையற்காரராலும் மீட்க முடியாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் உடுத்துவதற்காக அதை வாங்காதீர்கள்.

ஜிப்பை முழுவதும் திறந்து மூன்று நான்கு முறை ஏற்றி இறக்குங்கள். உலோக ஜிப் இறுகியிருந்தால் அதன் பற்களில் மெழுகையோ பென்சில் முனையையோ தேய்த்தால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். பல் உதிர்ந்திருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பட்டன்களை எண்ணுங்கள், ஒன்று குறைந்தாலும் அதே மாதிரி கிடைப்பது அரிது, ஆனால் கீழ் ஓரத்திலிருந்து ஒன்றைப் பிரித்து மேலே தைத்து, கீழே வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம். எலாஸ்டிக் பட்டைகள் எல்லாமே காலத்தால் இறந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றுவது எளிய வேலை என்பதால் அதற்காக ஆடையைக் கைவிட வேண்டாம்.

கம்பளி, பட்டு, மென்மயிர் (ஃபர்) ஆகியவற்றில் அந்துப்பூச்சியின் அடையாளங்களைத் தேடுங்கள். ஒழுங்கற்ற சிறு துளைகள், மணல் போன்ற எச்சம், வெண்மையான நூலாம்படை போன்ற கூடு ஆகியவை மடிப்புகளிலும் கழுத்துப் பட்டியின் அடியிலும் இருக்கும். துணியைத் தின்பவை பறக்கும் பூச்சிகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றின் புழுக்களே தின்கின்றன, ஆகவே பூச்சி கண்ணில் படவில்லை என்பது துணிக்கு ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாம் படி: துணியையும் காலத்தையும் அறிதல்

எந்த இழை என்று தெரியாமல் எப்படித் துவைப்பது என்று முடிவு செய்ய முடியாது. பழைய ஆடைகள் பலவற்றில் துவைக்கும் குறிப்பே இருக்காது. அமெரிக்காவில் துவைக்கும் முறையைச் சொல்லும் நிலையான லேபிள் 1972 முதல்தான் கட்டாயமானது. இழையின் பெயரை எழுத வேண்டும் என்ற சட்டம் 1960-இல் நடைமுறைக்கு வந்தது. கம்பளிக்கான வுல்மார்க் சின்னம் 1964-இல் அறிமுகமானது. ஆகவே அந்தச் சின்னம் உள்ள கோட்டு அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை.

செயற்கை இழைகளின் தோற்றமும் இதற்கு உதவும். நைலான் 1935-இலும் பாலியஸ்டர் 1941-இலும் ஆய்வுக்கூடங்களில் பிறந்தன; நீட்சி தரும் ஸ்பான்டெக்ஸ் 1958-இல் உருவானது. 1940-களின் ஆடை என்று விற்பவர் சொல்லும் கவுன் இழுத்தால் ரப்பர் போல நீண்டு திரும்பினால், அவர் சொல்லும் காலத்தில் பிழை இருக்கலாம். ஜிப்புகளும் அவ்வாறே, இன்று நாம் அறிந்த வடிவத்தை கிடியன் சுண்ட்பேக் 1913-இல் உருவாக்கினார், பெண்களின் ஆடைகளில் அது பரவலானது 1930-களில், நைலான் ஜிப் உலோக ஜிப்பை ஓரங்கட்டத் தொடங்கியது 1960-களில். பக்கவாட்டுத் தையலில் உலோக ஜிப் இருந்தால் அது பழைய ஆடை என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனால் ஜிப்பைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம் என்பதால், ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

லேபிளே இல்லாத துணிக்குத் தீச் சோதனை உண்டு. உள்தையலின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை மட்டும் உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஓர் உலோகத் தட்டில் வைத்துப் பற்ற வையுங்கள். பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவை காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் தலைமுடி கருகும் வாடையுடன் சுருண்டு, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்து, விரலில் பொடியாகும் கரியை விடும். பாலியஸ்டரும் நைலானும் உருகி, ஆறியதும் கடினமான மணியாக இறுகும். கலப்பு இழைகளில் விடை தெளிவாக வராது. அப்போது இருப்பதில் மென்மையான இழைக்கு ஏற்ற முறையையே பின்பற்றுங்கள்.

அசிடேட் என்ற இழை பழைய விழா ஆடைகளின் லைனிங்கிலும் பளபளக்கும் கவுன்களிலும் மிகுதியாக இருக்கும். அது அசிட்டோனில் கரைந்துவிடும். ஆகவே அத்தகைய ஆடையை உடுத்திக்கொண்டு நகச்சாயம் அழிக்கும் திரவத்தைக் கையாளவே கூடாது. ஒரு துளி பட்டாலும் அங்கே ஓட்டை விழும்.

நான்காம் படி: அளவு

ஆடையில் அச்சிட்ட அளவு எண்ணை முற்றிலும் மறந்துவிடுங்கள். பல நாடுகளில், குறிப்பாகப் பெண்களின் ஆயத்த ஆடைகளில், அதே எண்ணுக்கான உடல் அளவு பல பத்தாண்டுகளாகப் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய ஆடையில் உங்கள் வழக்கமான எண் பெரும்பாலும் உங்களுக்கு இறுக்கமாகவே இருக்கும். அதனால் உடல் பெருத்துவிட்டது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை, மாறியது அளவுமுறைதான்.

ஆடையைத் தட்டையாக விரித்து, மார்பு, இடுப்பு, இருப்பு (உட்காரும் பகுதியின் அகலமான இடம்) ஆகிய மூன்று இடங்களிலும் டேப்பால் அளந்து இரட்டிப்பாக்குங்கள். தோள் அகலத்தையும், கழுத்தின் பின்புறத்திலிருந்து இடுப்பு வரையிலான நீளத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நீட்சியில்லாத துணியில் உங்கள் உடல் அளவைவிட மார்பிலும் இருப்பிலும் 5 செ.மீ., இடுப்பில் 2 அல்லது 3 செ.மீ. கூடுதலாக இருப்பது நல்லது. உங்கள் உடலை நின்றபடி ஒரு முறையும் உட்கார்ந்தபடி ஒரு முறையும் அளங்கள்; உட்காரும்போது இருப்பும் இடுப்பும் விரியும், பழைய தையல்கள் தெறிப்பது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

தோளும் அக்குள் வளைவும் சரியாகப் பொருந்தும் ஆடையையே எடுங்கள், அவற்றைத் திருத்துவது கடினம். இடுப்பையும் நீளத்தையும் மாற்றுவது எளிது. பழைய ஆடைகளில், குறிப்பாகத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தவற்றில், உள்தையலுக்கு விட்ட துணி இன்றைய ஆயத்த ஆடைகளைவிடத் தாராளமாக இருப்பதுண்டு. அதைப் பிரித்து ஓரிரு செ.மீ. விரிவாக்கலாம். ஆனால் பிரித்த இடத்தில் பழைய தையலின் துளைகளும் மங்காத நிறமும் கோடாகத் தெரியுமா என்று உள்பக்கம் பார்த்துவிட்டே பிரியுங்கள். இன்னொரு செய்தி: 1950-களின் குறுகிய இடுப்பு ஆடைகள் அக்காலத்தின் இறுக்கமான உள்ளாடைகளை நம்பியே வெட்டப்பட்டவை. மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு விழா நாளைக் கழிப்பதைவிட, ஓர் அளவு பெரிதாக எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைப்பது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: வீட்டிற்குள் கொண்டுவருவதும் சுத்தம் செய்வதும்

வாங்கிய ஆடையை நேராக உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கமாகக் கட்டித் தனியாக வையுங்கள். கம்பளியிலும் பட்டிலும் அந்துப்பூச்சி ஐயம் இருந்தால், காற்றை வெளியேற்றிக் கட்டிய பையோடு −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டைகளும் புழுக்களும் அழியும். வெளியே எடுத்த பின் பை அறை வெப்பநிலைக்கு வரும் வரை திறக்காதீர்கள். இல்லையென்றால் குளிர்ந்த துணியில் நீர் படிந்துவிடும். மணிவேலை, உலோக ஜரிகை, பழைய பிளாஸ்டிக் உள்ளவற்றை உறைய வைக்க வேண்டாம். வெப்பம் தாங்கும் பருத்தி ஆடைகளுக்கு உலர்த்தும் எந்திரத்தின் உச்ச வெப்பத்தில் அரை மணி நேரம் போதும். மூட்டைப்பூச்சியும் அதில் தப்பாது.

பாச்சை உருண்டையின் வாடை பழைய ஆடைகளில் மிகப் பொதுவானது. நாப்தலீன் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகக்கூடியது என்பதால், நிழலில் காற்றோட்டமான இடத்தில் நாட்கணக்கில் தொங்கவிட்டாலே பெருமளவு போய்விடும். நறுமணத் தெளிப்பான் அடித்து மறைக்க முயன்றால் இரு வாடைகளும் கலந்து இன்னும் மோசமாகும். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள கைக்குழந்தைகளுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தையைத் தூக்கிச் செல்லும் நாளில் இந்த வாடை சிறிதும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை வாடைக்குக் காற்றும், மூடிய பெட்டியில் சமையல் சோடாவைத் துணியில் படாமல் ஒரு கிண்ணத்தில் வைப்பதும் உதவும்.

துவைக்கும் முன், வெண்ணிறப் பஞ்சை ஈரமாக்கி உள்தையலில் ஒவ்வொரு நிறத்தின் மீதும் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் தண்ணீரில் போடாதீர்கள். சாயம் நிற்கும் என்றால், பெரிய தொட்டியில் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் கலந்து, ஆடையைத் தேய்க்காமல் கையால் மெல்ல அமுக்கி அலசுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் பாதியளவு இழந்துவிடும். ஆகவே ஈரமான நிலையில் தோளைப் பிடித்துத் தூக்கினால் ஆடையின் எடையே அதைக் கிழித்துவிடும். ஒரு வலைத்துணியின் மேல் வைத்து, அந்த வலையோடு சேர்த்துத் தூக்குங்கள். பிழிய வேண்டாம், துண்டின் மேல் விரித்து, சுருட்டி, அமுக்கி ஈரத்தை எடுத்து, தட்டையாக நிழலில் உலர்த்துங்கள்.

மஞ்சள் பாரித்த வெள்ளைப் பருத்திக்கும் லினனுக்கும் சோடியம் பெர்கார்பனேட் வகை வெளுப்பான் நல்ல பலன் தரும். சில மணி நேரம் ஊற வைத்தால் பல ஆண்டுக் கறைகளும் மங்கும். இதைப் பட்டிலும் கம்பளியிலும் பயன்படுத்தாதீர்கள், காரத்தன்மை அவற்றைக் கெடுக்கும். குளோரின் வெளுப்பானை அந்த இரண்டின் அருகிலேயே கொண்டுசெல்லக் கூடாது, அது அவற்றின் புரதத்தைக் கரைத்துவிடும். துருக் கறையின் மீதும் குளோரின் கூடாது, கறை நிலைத்துவிடும்.

சமிக்கி வைத்த ஆடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விழாவுக்கென்று தேடுபவர்கள் முதலில் எடுப்பது அவற்றைத்தான். 1930-களில் சமிக்கிகளை ஜெலட்டினில் செய்யும் வழக்கம் இருந்தது. ஜெலட்டின் வெந்நீரில் கரையும், சூட்டில் இளகும். அத்தகைய ஆடையைத் துவைத்தாலோ ஆவி பிடித்தாலோ சமிக்கிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாக ஆடும்போது உடல் சூடும் வியர்வையுமே கூடப் போதும். ஐயமிருந்தால் உள்ளே மறைந்திருக்கும் ஒன்றைப் பிரித்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உலர் சலவையும் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பானதாகாது. அதன் கரைப்பான் சில வகை பிளாஸ்டிக் மணிகளையும் பட்டன்களையும் கரைத்துவிடும். ஆகவே ஆடையைக் கொடுக்கும்போதே அதன் வயதையும் மணிவேலையையும் சொல்லி, முதலில் ஒரு மூலையில் சோதிக்கும்படி கேளுங்கள்.

இஸ்திரி போடும்போது உள்பக்கமிருந்து, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துப் போடுங்கள். பழைய பட்டன்கள் செல்லுலாய்டால் ஆனவையாக இருக்கலாம். அது எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் சூடான பெட்டி அவற்றைத் தொடக் கூடாது.

ஆறாம் படி: தையலைப் பலப்படுத்துதல்

ஆடை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய நூல் பழைய நூல்தான். அக்குள், பின்புற நடுத்தையல், ஜிப்பின் அடிமுனை, பை ஓரங்கள் ஆகிய இடங்களில் பழைய தையலின் மேலேயே கையால் ஒரு பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் தையல்) ஓட்டிவிடுங்கள். நூல் பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கட்டும். வலுவான பாலியஸ்டர் நூல் போட்டால் அழுத்தம் வரும்போது நூல் நிற்கும், துணி கிழியும். நூல் துணியைவிடச் சற்று வலுக்குறைந்ததாக இருந்தால் நூல் அறுந்து துணி தப்பும், அதை ஐந்து நிமிடத்தில் மறுபடி தைத்துவிடலாம்.

மெலிந்த இடத்திற்கு உள்பக்கம் மெல்லிய மஸ்லினையோ பட்டையோ ஒட்டுத்துணியாக வைத்து, நெருக்கமில்லாத சிறு தையல்களால் பிடித்துவிடுங்கள். இஸ்திரியால் ஒட்டும் பசைத்துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பசை துணியை விறைப்பாக்கும், பின்னாளில் எடுக்கவும் வராது. அக்குளில் கழற்றித் துவைக்கக்கூடிய வியர்வைப் பட்டைகளைத் தைத்துக்கொள்வது பழைய தையற்காரர்களின் அருமையான வழக்கம். இரு அடுக்குப் பருத்தித் துணியைப் பிறை வடிவில் வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம். பழைய ஆடைக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதற்கு இணையானது வேறில்லை.

தோளுக்குள் வைத்துத் தைத்த பஞ்சுப் பட்டைகள் பெரிதாக இருந்தால் அவற்றை வெட்டி எறிய அவசரப்படாதீர்கள். 1940-களிலும் 1980-களிலும் தைத்த மேலாடைகளின் தோள் அந்தப் பட்டையைக் கணக்கிட்டே வெட்டப்பட்டது. எடுத்துவிட்டால் துணி சரிந்து தொங்கும். மெலிதான பட்டையை மாற்றி வைத்துப் பாருங்கள். எதை மாற்றினாலும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்படி மாற்றுங்கள்; நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெட்டாமல் உள்ளே மடித்துத் தையுங்கள்.

ஏழாம் படி: சேர்த்து உடுத்துதல், ஒத்திகை பார்த்தல்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது, ஒரு நாளுக்கு ஒரு பழைய ஆடை போதும் என்பதே. பழைய மேலாடையோடு இன்றைய எளிய கால்சட்டை, பழைய பாவாடையோடு இன்றைய வெற்றுச் சட்டை என்று சேர்த்தால் பழையது தனித்து நின்று அழகு சேர்க்கும். தலை முதல் கால் வரை ஒரே காலத்து உடைகளை அணிவது நாடக வேடமாகத் தோன்றிவிடக்கூடும். அதை அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பழகிய கண் வேண்டும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பொருத்துங்கள். பழைய வெள்ளை தந்த நிறத்துக்கு மாறியிருக்கும். அதன் அருகில் இன்றைய பளீர் வெள்ளையை வைத்தால் பழையது அழுக்காகத் தெரியும், பழுப்பு, கரும்பச்சை, ஆழ்ந்த நீலம் ஆகியவற்றுடன் வைத்தால் கம்பீரமாகத் தெரியும். பழைய கறுப்பும் பச்சையோ பழுப்போ ஏறியிருக்கும் என்பதால் புதுக் கறுப்போடு சேராது. கனமான ப்ரோச்சை (அலங்கார ஊசியை) பழைய துணியில் நேரடியாகக் குத்தாமல், உள்ளே சிறு துணித்துண்டு ஒன்றை வைத்து அதையும் சேர்த்துக் குத்துங்கள். பழைய இராணுவ மேலாடையாக இருந்தால் பதக்கங்களையும் பதவிச் சின்னங்களையும் கழற்றிவிடுங்கள், உரியவரல்லாதவர் அவற்றை அணிவது சில நாடுகளில் குற்றமாகும்.

காலணியில் கவனம் தேவை. பாலியூரித்தேன் அடிப்பகுதி கொண்ட பழைய காலணிகள், பயன்படுத்தாமல் பெட்டியிலேயே இருந்தாலும், காற்றின் ஈரப்பதத்தால் உள்ளுக்குள் சிதைந்து, அணிந்து நடந்த அன்றே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அடிப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் வேண்டாம். நீண்ட நடை உள்ள நாளில் காலணி மட்டும் இன்றையதாக இருப்பதே நல்லது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு முழு உடையையும் அணிந்து இரண்டு மணி நேரம் வீட்டிலேயே இருங்கள். கைகளை மேலே தூக்குங்கள், குனிந்து காலணியைக் கட்டுங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், படி ஏறி இறங்குங்கள், வண்டியில் ஏறுவது போல ஒரு காலை உயர்த்துங்கள், கழிப்பறையில் பிறர் உதவியின்றிக் கழற்றி மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே நின்று ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். மெலிந்த துணி வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிவது கண்ணாடியில் தெரியாது. ஏதேனும் பிரிந்தால் சரிசெய்ய அந்த ஒரு வாரம் இருக்கிறது.

எட்டாம் படி: அந்த நாளில்

வியர்வை நாற்றம் தடுக்கும் பூச்சையும் வாசனைத் திரவியத்தையும் முதலில் தோலில் பூசி, நன்றாக உலர்ந்த பிறகே ஆடையை அணியுங்கள். அவற்றின் ஈரமும் ஆல்கஹாலும் பட்டிலும் பழைய சாயத்திலும் கறை விடும். ஊக்குகள் சில, ஆடையின் நிறத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று, சிறு கத்தரி, உலர்ந்த வெள்ளைத் துணி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஊக்கைத் துணியின் நடுவில் குத்தாமல் தையல் மடிப்பில் குத்துங்கள்.

உணவோ பானமோ சிந்தினால் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். பட்டில் தண்ணீர் தெளிக்காதீர்கள், தண்ணீரே வட்டக் கறையாகிவிடும்.

நெருப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். வலைத்துணி, தளர்ந்த அகலக் கைகள், மென்பரப்புப் பருத்தி (ஃபிளானல் போன்றது) ஆகியவை மிக விரைவாகத் தீப்பற்றும். நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். இன்று குழந்தைகளின் இரவு உடைகளுக்குப் பல நாடுகளில் உள்ள தீப்பாதுகாப்பு விதிகள் அக்கால உடைகளுக்கு இருந்திருக்காது. விளக்கும் மெழுகுவத்தியும் வாணமும் உள்ள இடத்தில் இறுக்கமாக நெய்த, உடலோடு ஒட்டிய பருத்தி அல்லது கம்பளியையே அணியுங்கள். குழந்தைகளுக்குப் பழைய ஆடை அணிவித்தால் கழுத்திலும் தலைமூடியிலும் உள்ள இழுகயிறுகளை உருவி எடுத்துவிடுங்கள். அவை எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்கக்கூடும்.

திரும்பி வந்த பிறகு

ஆடையைக் கழற்றியதும் அலமாரியில் வைக்காமல் ஓர் இரவு காற்றில் ஆற விடுங்கள். வியர்வைப் பட்டைகளைப் பிரித்துத் துவையுங்கள். வெளிச்சத்தில் ஒரு முறை முழுவதையும் பார்த்து, சிந்திய இடங்களைக் கண்டுபிடியுங்கள். இனிப்புப் பானத்தின் கறை இன்று கண்ணுக்குத் தெரியாது, சில மாதங்களில் பழுப்பாக எழும், அதன் வாசத்துக்கு அந்துப்பூச்சியும் வரும். அழுக்கோடு ஆடையை மடித்து வைப்பது பழைய துணிகள் கெடுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

மணிவேலை உள்ளவை, இழைக்குச் சாய்வாக வெட்டியவை, பின்னலாடைகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டால் தங்கள் எடையாலேயே நீண்டுவிடும். அவற்றைத் தட்டையாக வையுங்கள். மற்றவற்றை அகலமான, பஞ்சு சுற்றிய தொங்கலில் மாட்டலாம். மடிக்க வேண்டியவற்றின் மடிப்புக்குள் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்பிடத்தை மாற்றுங்கள். சலவைக்கடை தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே எடுத்துவிட்டு, துவைத்த பழைய பருத்தித் துணியால் சுற்றுங்கள். ஜரிகை உள்ளதை ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். கடைசியாக, அன்று எந்தத் தையல் இழுபட்டது, எந்தப் பட்டன் தளர்ந்தது, எவ்விடத்தில் இறுக்கமாக இருந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி, அதைத் தொங்கலில் நூலால் கட்டி வையுங்கள். அடுத்த விழாவுக்கு ஆடையை எடுக்கும்போது தையல் வேலையை அந்தச் சீட்டிலிருந்தே தொடங்கலாம்.